கரடிக்குப் பின்னால் நின்றது

எங்கள் ஞாயிற்றுக்கிழமை நடைக் குழுவில் புதிதாகச் சேர்ந்த இளையவர்கள் இருவர், போன மாதம் இங்கே ஒன்ராறியோவின் ரூஜ் பள்ளத்தாக்கில் நடந்துகொண்டிருக்கும்போது என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார்கள்.

“அங்கிள், நீங்கள் வேலையில கன் ட்ரெயினிங் குடுத்தனீங்களாம். ஹைக்கிங் போகேக்க பாதுகாப்புக்குக் கொண்டுபோறதுக்கு ஒரு சின்ன ரிவோல்வர், கொம்பாக்ட்டா, எது நல்லது?”

எனக்கு ஏற்கனவே முழங்கால் வலி. அதற்கு மேல் இந்தக் கேள்வி. வேலை செய்த காலம் முழுவதும் இதற்குப் பதில் சொல்லிக் களைத்தவன் நான், ஓய்வு எடுத்த பிறகும் விடுகிறார்கள் இல்லை. ஒன்றும் நல்லதில்லை என்றேன். இந்த நாட்டில் நடை போகிறவர் உடம்பில் கைத்துவக்கைக் கட்டிக்கொண்டு போக முடியாது. அமெரிக்கக் காணொளிகளில் அவர்கள் பார்க்கிற கட்டைக் குழல் ரிவோல்வர்கள் இங்கே தடைசெய்யப்பட்டவை. மற்றக் கைத்துவக்குகளையும் இப்போது சாதாரண ஆட்கள் புதிதாக வாங்க வழியில்லை. ஆள் நடமாட்டமில்லாத காட்டில் வேலை செய்கிறவர்களுக்கு மட்டும், விலங்குகளிடமிருந்து உயிரைக் காப்பாற்ற, ஆளுக்கு ஆள் தனித்தனியாக அனுமதி கொடுப்பார்கள். அதுவும் லேசில் கிடைக்காது. ரூஜ் பள்ளத்தாக்கில் உங்களைக் கடிக்கக்கூடியது நுளம்பு மட்டும்தான் என்றும் சொன்னேன்.

அவர்களுக்கு முகம் வாடிவிட்டது. பிறகு ஒருவர், “அப்ப உங்கட அனுபவத்தை எங்கட ஆண்டு மலருக்கு எழுதித் தாங்கோவன்” என்றார். நடந்துகொண்டு கதை சொல்ல மூச்சு வராத ஆள் என்பதால் எழுத ஒப்புக்கொண்டேன். ஆனால் அவர்கள் எதிர்பார்க்கிற வீரக்கதை இதில் இல்லை. என் வேலைக் காலத்தில் ஒரு கரடியைக்கூட நான் நேரில் கண்டதில்லை.

நான் ஊர்காவற்றுறைக்காரன். அகதியாக வந்து சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறைக்குள் பலரோடு நெருக்கியடித்துப் படுத்து, உணவகங்களில் கோப்பை கழுவி, கடைசியில் ரெக்ஸ்டேலில் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்தேன். அந்தக் களஞ்சியம் கனிமம் தேடுகிற ஒரு நிறுவனத்துடையது. கோடை தொடங்கியதும் அவர்களுடைய நிலவியலாளர்கள் ஒன்ராறியோவின் வடக்கே, தெரு இல்லாத காடுகளுக்குப் போவார்கள். கூடாரம், சப்பாத்து, அடுப்பு, மழைச்சட்டை, மருந்துப் பெட்டி எல்லாம் எங்கள் களஞ்சியத்திலிருந்துதான் போகும். பின்பக்கம் இரும்புக் கதவு போட்ட சிறிய அறை ஒன்று இருந்தது. அதற்குள் ரிவோல்வர்கள் இருந்தன.

அகதி விசாரணையில் என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி, எப்போதாவது துவக்கைத் தொட்டிருக்கிறாயா என்பதுதான். இல்லை என்றேன். அது உண்மை. அதை நம்பி என்னை ஏற்றுக்கொண்ட நாடே சில வருடங்களில் துவக்கறைப் பூட்டின் திறப்பை என் கையில் தந்தது. இதை நினைத்து அந்த நாட்களில் தனியே சிரித்திருக்கிறேன்.

களஞ்சியத்துக்குப் பொறுப்பாக இருந்தவர் பேர்ட் என்ற நியூஃபவுண்லாந்துக்காரர். பெரிய ஆள், சின்னக் குரல். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. பேசாமல் இருந்தே ஆட்களைத் திருத்துகிற மனிதர். நான் கட்டிய முடிச்சு பிழை என்றால் அதை அவிழ்த்துக் கயிற்றை என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவார். என்ன பிழை என்று சொல்லமாட்டார். மூன்றாம் முறையும் அவிழ்த்து வைத்தால் எனக்கு அழுகை வரும். கோபமும் வரும். ஆனால் அந்த முடிச்சை நான் இன்றைக்கும் கண்ணை மூடிக்கொண்டு போடுவேன்.

ரிவோல்வர் தெரிவு செய்கிற நாளில் பேர்ட் நீண்ட மேசையில் சாம்பல் நிறக் கம்பளியை விரித்து, நாலைந்து ரிவோல்வர்களை வெறுமையாக, சிலிண்டரைத் திறந்தபடி வரிசையாக வைப்பார். வந்திருக்கிற இளம் நிலவியலாளர்கள் சுற்றி நிற்பார்கள். யார் எதை எடுக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருப்பார். பொடியன்கள் எல்லோரும் பெரியதைத்தான் தூக்குவார்கள். அப்போது பேர்ட் அவர்களுக்குப் பாரமான முதுகுப் பையைப் போட்டு, கையுறை மாட்டி, அந்தத் துவக்கை மார்புப் பட்டியில் கட்டிவிடுவார். இடுப்பில் கட்ட முடியாது, பையின் இடுப்புவார் மறித்துவிடும். அப்படியே நாள் முழுவதும் களஞ்சியத்தைச் சுற்றி நடக்க வேண்டும், குனிய வேண்டும், கல்லுத் தூக்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது யார் பட்டியைக் கழற்றுகிறார் என்று பேர்ட் மூலையில் இருந்து கவனிப்பார்.

கழற்றியவரிடம் போய், “கரடி உன் சாப்பாட்டு நேரத்தை அறிந்துதான் வரும்” என்பார். அவ்வளவுதான். அடுத்த நாள் அந்த ஆள் தானாகவே சிறியதைக் கேட்பார்.

சிறியது என்றால் உள்ளங்கைக்குள் மறைகிற சாமான் இல்லை. சட்டம் அனுமதிக்கிற ஆகக் குறைந்த குழல் நீளம் நாலு அங்குலத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆனால் பிடியும் உடலும் சிறிதாக, மழைச்சட்டைக்குள் அடங்கி, நடக்கும்போது நெஞ்சில் இடிக்காத மாதிரி இருக்கும். அதிலும் தொல்லை உண்டு. பாரம் குறைந்தால் உதைப்புக் கூடும். உதைப்புக்குப் பயந்தவர் சுடும்போது கண்ணை மூடுவார். கை சிறிய ஆளுக்கு விசை எட்டுகிறதா என்று தனியாகப் பார்க்க வேண்டும், விரல் நுனியால் இழுத்தால் குழல் ஒரு பக்கம் சாயும். ஆகவே கம்பளியில் பார்த்து அழகாக இருப்பதை எடுப்பது தெரிவு இல்லை. நாள் முழுவதும் கழற்றாமல் சுமக்கக்கூடியது, பயமில்லாமல் சுடக்கூடியது, இரண்டும் ஒன்றாக அமைய வேண்டும். அப்படி அமைந்த பிறகும், அதைத் தொட முன்னர் செய்ய வேண்டியவை இருக்கின்றன. சத்தம் போட்டு நடப்பது, சாப்பாட்டைக் கூடாரத்துக்குள் வைக்காமல் விடுவது, கரடி ஸ்பிரே. துவக்கு கடைசி.

பேர்ட்டின் கடைசிச் சோதனை நகருக்கு வெளியே, வாடகைக்கு எடுத்த சுடுதளத்தில் நடக்கும். பலகையில் வெட்டிய கரடி ஒன்று, அடியில் உருளுகிற சில்லுகள். கயிறு கப்பி வழியாகச் சுற்றி வந்து, சுடுகிறவருக்குப் பின்னால் நிற்கிற என் கையில் இருக்கும். நான் இழுத்தால் கரடி மறைந்திருக்கிற பற்றையை விட்டு ஓடிவரும். சில தடவை அதற்குப் பின்னால், தூரத்தில், செம்மஞ்சள் மேலங்கி போட்ட துணிக்கடைப் பொம்மை ஒன்று நிற்கும். சில தடவை நிற்காது. பொம்மை நின்றால் சுடுகிறவர் ஓரடி பக்கமாக விலகிச் சுட வேண்டும், அல்லது சுடாமல் ஸ்பிரேயை எடுக்க வேண்டும். எல்லாம் முடிந்ததும் பேர்ட் ஒரே ஒரு கேள்வி கேட்பார்: கரடிக்குப் பின்னால் என்ன நின்றது?

பதில் தெரியாதவர் எவ்வளவு நன்றாகச் சுட்டிருந்தாலும் அந்தக் கோடையில் காட்டுக்குப் போக முடியாது. அரசாங்கம் கேட்பது இதைவிடக் குறைவு. இது எங்கள் நிறுவனத்தின் சொந்த விதி, உண்மையில் பேர்ட்டின் விதி. காட்டில் இரண்டிரண்டு பேராகத்தான் வேலை செய்வார்கள். உன்னுடைய கரடிக்குப் பின்னால் நிற்கிறது பெரும்பாலும் உன்னுடைய கூட்டாளியாகத்தான் இருக்கும்.

பேர்ட் ஓய்வு பெற்றுப் போனபோது என்னைப் படிப்பித்து, சான்றிதழ் எடுப்பித்து, கம்பளியையும் கரடியையும் பொம்மையையும் என்னிடம் விட்டுப்போனார். அன்றிலிருந்து தேர்ச்சிக் கடிதத்தில் விழுவது என் கையெழுத்து. எங்கள் ஆட்களுக்கு இது பெரிய பகிடி. கலியாண வீடுகளில் யாராவது தோளில் தட்டி, “என்ன சவிரி அண்ணை, அங்கை பழகினதோ?” என்று, ஊரில் இயக்கத்தில் இருந்தவனோ என்ற மாதிரிக் கண்ணடிப்பார்கள். முதல் தடவை சிரித்தேன். நூறாவது தடவை சாப்பாட்டுக் கோப்பையை எடுத்துக்கொண்டு வேறு மேசைக்குப் போனேன்.

இப்போது சொல்ல வந்ததற்கு வருகிறேன். சம்பந்தப்பட்டவர்களிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்குச் சில வருடங்கள் முன்னர், ஒரு வசந்த காலத்தில், புதிதாக வந்தவர்களின் பெயர்களில் ஷெரின் யேசுதாசன் என்ற பெயரைக் கண்டேன். இங்கே பிறந்த பிள்ளை, நிலவியல் படித்தவள். தகப்பன் யேசுதாசனை எனக்கு நல்லாகத் தெரியும். மன்னார்க்காரர், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடையில் மீன் வெட்டுகிறவர். ஒவ்வொரு சனிக்கிழமையும் நான் வாங்குகிற மீனைத் துப்புரவாக்கித் தருகிறவர் அவர்தான். தேவாலயத்தில் ஞாயிறு தமிழ்ப் பூசையிலும் காண்போம்.

நிறுவனத்தில் முதல் கோடைதான் எல்லாம். காட்டுக்குப் போய்த் திரும்பினால் நிரந்தர வேலை. போகாவிட்டால் அடுத்தவரை எடுத்துவிடுவார்கள். ஷெரினுக்கு அது தெரியும். களஞ்சியத்துக்கு வந்த முதல் நாளே என்னிடம், “அங்கிள், எனக்குச் சலுகை ஒண்டும் வேண்டாம். ஆனா ஐ ரியலி வோன்ட் திஸ்” என்றாள். எனக்கு அந்தப் பிள்ளையைப் பிடித்துக்கொண்டது.

அந்தக் கிழமை பூசை முடிந்து கார் நிற்கிற இடத்துக்குப் போகும்போது யேசுதாசன் பின்னால் ஓடி வந்தார்.

“அண்ணை, ஒரு கதை. பிள்ளையை உந்த வேலைக்கு விடாதேங்கோ.”

“நான் ஆர் விடுறதுக்கும் மறிக்கிறதுக்கும்?”

“நீங்கள்தானாம் பாஸ் போடுறது. ஒரு சொல்லுச் சொன்னால் காணும். அவளுக்குச் சரிவரேல்லை எண்டு.”

“கரடிக்குப் பயப்பிடுறீரோ? உந்தக் கரடியள் ஆக்களைக் கண்டால் ஓடுறதுகள், யேசு.”

“கரடிக்கு எனக்கென்ன பயம்? துவக்குக்குத்தான்.”

பிறகு அந்த மனிதர், கார்கள் ஒவ்வொன்றாகப் புறப்பட்டுப் போய்க்கொண்டிருக்க, எனக்குச் சொன்னார். சண்டைக் காலத்தில் அவருடைய மச்சான்காரன் ஒருத்தன் ஓர் இரவுக்கென்று சின்ன ரிவோல்வர் ஒன்றை அவர்கள் வீட்டு வலைக் குவியலுக்குள் வைத்துவிட்டுப் போயிருக்கிறான். விடியச் சுற்றிவளைப்பு. இராணுவம் வலையை உதறியது. யாருடையது என்று கேட்டபோது யேசுதாசனுக்கு வாய் வரவில்லை. மூத்த தமையன் முன்னால் போய் என்னுடையது என்றிருக்கிறார். கொண்டுபோனார்கள். இன்றுவரை ஒரு செய்தியும் இல்லை.

“சின்னத் துவக்கு அண்ணை. உள்ளங்கைக்குள்ளை அடங்கும். அந்தளவு காணும் ஒரு வீட்டை முடிக்க.”

“பிள்ளைக்குத் தெரியுமோ உது?”

“என்னத்துக்கு? இஞ்சை பிறந்ததுகள். ஒருத்தருக்கும் சொல்லேல்லை. நீங்களும் சொல்லாதேங்கோ.”

ஆனாலும் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். “யேசு, எனக்கு விளங்குது. ஆனா நான் அப்பிடிச் செய்ய ஏலாது. அவள் பாஸ் எண்டால் பாஸ்.” அவர் தலையை ஆட்டினார். ஆட்டிக்கொண்டே காரிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து என் கையில் வைத்தார். உயிர் நண்டு. “உதுக்கில்லை அண்ணை. மனுசிக்குக் குடுங்கோ, நல்ல சதை” என்றார். காணாமல்போன தமையனைப் பற்றி இப்போதுதான் சொல்லி முடித்த மனிதர், கையில் பெட்டியோடு நிற்கிறார். அதைத் தட்டிவிட்டுக் காரில் ஏற என்னால் முடியவில்லை. நம்மவர்களில் யாராலும் முடியாது. வாங்கிக்கொண்டு போனேன். மனைவி முருங்கையிலை போட்டுக் கறி வைத்தாள். ருசியாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

ஷெரினுக்குத் துவக்குத் தெரிவு செய்ய இரண்டு நாள் எடுத்தது. நடுத்தர அளவு அவளுக்குச் சரிவரவில்லை, விசையில் விரல் நுனி மட்டும்தான் பட்டது. சின்னப் பிடி உள்ளதைக் கொடுத்தேன். உதைப்புக்குப் பயப்படுவாள் என்று நினைத்தேன், அவள் பயப்படவில்லை. மார்புப் பட்டியோடு நாள் முழுவதும் நடந்தாள். சாப்பிடும்போது கழற்றவில்லை, கழிவறைக்குப் போய்வந்தபோதும் பட்டி இருந்த இடத்தில் இருந்தது. சுடுதளத்தில் அந்த வருடம் வந்தவர்களில் அவள்தான் திறம். மட்டையில் துளைகள் எல்லாம் ஒரு தேநீர்க் கோப்பையால் மூடக்கூடிய இடத்துக்குள் இருந்தன. மற்றவர்கள் கை தட்டினார்கள். பேர்ட் இருந்திருந்தால் ஒன்றும் சொல்லாமல் தலையை ஒருக்கால் அசைத்திருப்பார்.

பிறகு கரடி. நான் கயிற்றை இழுத்தேன். பற்றையை விட்டு அது வெளியே வந்ததும் அவள் கத்தினாள், கத்தியபடியே எடுத்தாள், சுட்டாள். எல்லா ரவையும் கரடியின் நெஞ்சில். நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு எனக்கு இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது, ஏனென்றால் அடுத்து நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன்.

“கரடிக்குப் பின்னால என்ன நிண்டது, பிள்ளை?”

அவள் திரும்பிப் பார்க்கப் போனாள். பார்க்காமல் சொல்லு என்றேன். சொல்லத் தெரியவில்லை. இருவரும் நடந்து போய்ப் பார்த்தோம். பொம்மையின் மேலங்கியில் துளை இருந்தது. கரடிப் பலகை ஊடாக ரவை போயிருந்தது. ஓரடி விலகியிருந்தால் போதும், அவள் விலகவில்லை.

“அங்கிள், அது என்னை நோக்கி வருது. ஆர் பின்னால பாக்கிறது?”

“பாக்கத்தான் வேணும்.”

“எல்லாருக்கும் உப்பிடியோ?”

“எல்லாருக்கும்.”

அதுவரை நான் பலரை அந்தக் கேள்வியில் நிறுத்தியிருக்கிறேன். ஒரு மேலாளரின் மகனையும் நிறுத்தியிருக்கிறேன். அன்று அந்தப் பிள்ளையின் கடிதத்தில் ‘இல்லை’ என்று எழுத எனக்கு நேரமெடுத்தது. தகப்பன் கேட்டதற்காக வேண்டுமென்றே நிறுத்துகிறேன் என்று ஆகிவிடுமே என்பதற்காகப் பாஸ் போட்டுவிடலாமா என்றுகூட ஒரு யோசனை வந்தது. அதுவும் களவுதான். அவளுடைய கூட்டாளியாகப் போக இருந்த பொடியனை நினைத்துக்கொண்டு எழுதினேன்.

மறுமுறை சோதனை அடுத்த வசந்தத்தில்தான். அதற்குள் அவளுடைய இடத்துக்கு வேறு ஆளை எடுத்துவிட்டார்கள்.

இங்கே முடிந்திருந்தால் இதை நான் எழுதியிருக்கமாட்டேன். மகள் வீட்டில் அழுதுகொண்டு இருந்ததைப் பார்த்துத் தகப்பன் ஆறுதல் சொன்னார். என்ன ஆறுதல் தெரியுமா? “நான்தான் சவிரி அங்கிளோடை கதைச்சனான். உன்ர நல்லதுக்குத்தான் பிள்ளை.” பெருமையோடு சொல்லியிருக்கிறார்.

அடுத்த திங்கள் என்னை மேல்மாடிக்குக் கூப்பிட்டார்கள். ஷெரினின் முறைப்பாடு வந்திருந்தது. ஊழியர்களைக் கவனிக்கிற ஆளணிப் பிரிவில் ஒரு பெண், மிக மரியாதையாக, அந்தக் குடும்பத்தாரிடமிருந்து நான் மீன் வாங்கினேனா என்று கேட்டாள்.

“நண்டு” என்றேன்.

அவள் எழுதிக்கொண்டாள். அந்த வயதில் ஒரு கண்ணாடி அறைக்குள் இருந்து நண்டுக்குப் பதில் சொல்ல வேண்டி வந்ததே என்று எனக்கு வெட்கமாகவும் ஆத்திரமாகவும் இருந்தது. துளை விழுந்த மேலங்கியைக் காட்டினேன், மற்ற வருடங்களில் நின்றவர்களைச் சொன்னேன். விசாரணை ஒன்றுமில்லாமல் முடிந்தது. ஆனால் அதன் பிறகு என் கையெழுத்தை ஆட்கள் ஒரு கணம் கூடுதலாகப் பார்த்தார்கள். அப்படித்தான் எனக்குத் தோன்றியது.

யேசுதாசனிடம் போய்ச் சத்தம் போட்டேன். “உமக்காக நான் செய்யேல்லை, காணும்! உண்மையாவே அவள் ஃபெயில்.”

“ஓம் அண்ணை, ஓம்” என்றார், இரகசியம் காக்கிறவர் மாதிரி ஒரு சிரிப்போடு. எனக்குத் தலையைச் சுவரில் மோதலாம் போல இருந்தது. அந்தக் கிழமையும் நல்ல மீனாகப் பார்த்து எடுத்து வைத்திருந்தார்.

ஷெரின் வீட்டை விட்டுப் போனாள். வடக்கே, யூக்கொன் பக்கம், வேறொரு நிறுவனத்தில் சேர்ந்துவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். நத்தார்ப் பண்டிகைக்கு வீட்டுக்கு வரவில்லை. அடுத்த நத்தாருக்கும் வரவில்லை. தாயோடு மட்டும் தொலைபேசியில் கதைப்பாள், தகப்பன் வாங்கினால் வைத்துவிடுவாள். யேசுதாசனின் சிரிப்புப் போய்விட்டது. ஒரு சனிக்கிழமை மீன் கழுவுகிற தொட்டிக்கு மேலால் குனிந்து, “அண்ணை, நான் கேட்டதாலை நீங்கள் செய்யேல்லை எண்டு அவளுக்குச் சொல்லுங்கோவன்” என்றார். முன்னர் நான் கத்திச் சொன்னதை இப்போது அவரே நம்ப விரும்பினார்.

எழுதினேன். மின்னஞ்சலில், ஆங்கிலத்தில், மகனிடம் திருத்துவித்து எழுதினேன். பதில் இல்லை. பிறகு இன்னொரு தடவை எழுதினேன். அதற்கும் இல்லை. தமையனின் கதையை எழுதிவிடலாம் என்று பல தடவை நினைத்தேன். சொல்லாதே என்று கேட்டவரின் வீட்டுக் கதை அது, அதை நான் எடுத்து விற்க முடியாது. நான் ஓய்வு பெற்றேன். ஒரு கேக் வெட்டினார்கள், பேர்ட் அழைத்து வாழ்த்தினார். எனக்குள் மட்டும் அந்தப் பிள்ளை என்னைக் களவன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாளே என்ற குத்தல் போகவில்லை. வயது போக இப்படியான குத்தல்கள் கூடும் போலிருக்கிறது.

இந்தக் கோடைத் தொடக்கத்தில் என் தொலைபேசி அடித்தது. தெரியாத இலக்கம்.

“அங்கிள், ஷெரின் கதைக்கிறன். உங்களட்ட ஒரு வேலை விசயம் கேக்கலாமோ?”

அவள் இப்போது அங்கே புதிதாக வருகிறவர்களுக்குத் துவக்குப் பழக்குகிறவளாம். சின்னக் கைக்காரர்களுக்குப் பிடி மாற்றுவதைப் பற்றிக் கேட்டாள். சொன்னேன். அவளும் பலகைக் கரடி செய்திருக்கிறாளாம், சில்லுக் கல்லில் புதைகிறது என்று கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறாள். அது எங்களுடையதைவிட நல்ல யோசனை. பின்னால் பொம்மையும் வைக்கிறாளா என்று கேட்டேன்.

“வைக்காமல்? போன கிழமையும் ஒருத்தனை நிப்பாட்டினனான்.”

அதற்கு மேல் என்னால் பொறுக்க முடியவில்லை. “பிள்ளை, அண்டைக்கு நான் உன்ர அப்பாவுக்காகச் செய்யேல்லை. உனக்கு எழுதினனான்...”

“தெரியும் அங்கிள்.”

“என்ன தெரியும்?”

“நான் ஃபெயில் எண்டு எனக்கு அண்டைக்கே தெரியும். அந்த ஹோலைப் பாத்த உடனேயே தெரியும். கொம்ப்ளெயின்ட் குடுத்தது கோபத்தில. சொரி, அங்கிள். அப்பவே சொல்லியிருக்கவேணும்.”

இவ்வளவு வருடமாக நான் நிரூபிக்கத் திரிந்தது அவளுக்கு முதலிலேயே தெரிந்திருந்தது. “அப்ப ஏன் பிள்ளை அப்பாவோடை கதைக்கிறேல்லை?”

அவள் ஒரு கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது.

“நான் அழுதுகொண்டு வந்தன். அப்பா சந்தோசப்பட்டவர், அங்கிள். ஹீ வோஸ் ஹப்பி. என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு சந்தோசப்பட்டவர். நீங்கள் செய்தீங்களோ இல்லையோ, அது எனக்குப் பிரச்சினையில்லை.”

சனிக்கிழமை கடைக்குப் போனேன். மீன் பகுதியில் சனம் இல்லாத நேரம் பார்த்து, அவள் சொன்னதை அப்படியே, கூட்டாமல் குறைக்காமல் யேசுதாசனிடம் சொன்னேன். அவர் கத்தியைக் கழுவி வைத்தார். மறுப்பார், அழுவார், மன்னிப்புக் கேட்கச் சொல்லுவார் என்று எதிர்பார்த்தேன்.

“சரிதான் அண்ணை” என்றார். “சந்தோசப்பட்டனான். பொய் சொல்லேலாது. இப்ப கேட்டாலும் அப்பிடித்தான் இருப்பன்.”

“அதை ஏன் எண்டு அவளுக்குச் சொன்னனீரோ?”

“அதை எப்பிடி அண்ணை சொல்லுறது? என்ர வாய் திறக்காததாலைதானே என்ர அண்ணர் போனவர்.”

எனக்குக் களைத்துப்போயிருந்தது. இருவருக்கும் நடுவே செய்தி காவிக் களைத்துப்போயிருந்தது. நான் அவளுடைய இலக்கத்தை அழுத்தி, மணி அடிக்கிற தொலைபேசியை மீன் வைத்திருக்கிற கண்ணாடித் தடுப்புக்கு மேலால் அவரிடம் நீட்டினேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். நான் கையை எடுக்கவில்லை. உள்ளே “ஹலோ, அங்கிள்?” என்று அவளுடைய குரல் கேட்டது. பிறகு இன்னொரு தடவை கேட்டது.

யேசுதாசன் ஈரக் கையுறையைப் பல்லால் கடித்து இழுத்துக் கழற்றினார். தொலைபேசியை இரண்டு கையாலும் வாங்கினார்.

“வைச்சிடாதை பிள்ளை, அப்பா” என்றார். அவள் வைக்கவில்லை. பிறகு சொன்னார்:

“உனக்கொரு பெரியப்பா இருந்தவர்.”